மலையும் ஓர் அமானிதம்

காஷ்மீரத்துத் தலைநகரான ஸ்ரீநகரில் வாழ்வோர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் சென்றால் குல்மார்க்கை அடைந்துவிடலாம். பகலெல்லாம் பனியில் சறுக்கி விளையாடிவிட்டு, அந்தியில் இல்லம் திரும்பலாம். 'நகருக்கருகே மலை வாய்க்கும் பேறு நமக்கில்லையே' என்று ஏங்குகிறீர்களா? ராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ஒருமுறை வாருங்கள். இங்கே பனி பெய்வதில்லை. ஆனால் ஊரைக் கடந்ததும் தோப்புகளும், அவற்றுக்கு அப்பால் மேற்குத் தொடர்ச்சி மலையும் உங்களை வரவேற்கும்.

நம்மவர்க்கு இம்மலையுடன் இன்னோர் உறவும் உண்டு. இப்பகுதியில் கிப்லா, மேற்கிலிருந்து சற்றே வடக்கு நோக்கி அமைந்துள்ளது. மலையும் மேற்கேதான் நிற்கிறது. எனவே திறந்த வெளியில் தொழுகைக்கு நிற்பவரின் முகம் ஐவேளையும் மலையின் பக்கமே திரும்பியிருக்கும். மலைகளைப் பூமியின் முளைகளாக அமைத்ததைச் சுட்டிக்காட்டிச் சிந்திக்கத் தூண்டும் திருமறையை ஓதுவோருக்கு, இக்காட்சியே ஒரு பாடம்.

ராஜபாளையத்திற்கு மேற்கே அய்யனார் கோவில் அருவி இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பு. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மலைக்கு அப்பால் உள்ள கேரளமே பெற்றுக்கொள்கிறது. ஆகவே வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில்தான் இங்குள்ள ஓடைகள் பொங்கிப் பாயும்.

செண்பகத்தோப்பில் அண்ணாந்து பாருங்கள். கிளைக்குக் கிளை தாவும் பெரிய அணிலொன்று கண்ணில் படக்கூடும். சாம்பல் நிற அணில் என்பது அதன் பெயர். தரையில் இறங்காமல் மரத்துக்கு மரம் தாவியே வாழும் இயல்புடையது. கிளைகள் ஒன்றோடொன்று இணையும் அடர்ந்த காடு இருந்தால்தான் அதற்கு வாழ்வு. அதற்கெனவே 1988இல் இங்குச் சரணாலயம் அமைக்கப்பட்டது. 2021இல் மேகமலையையும் இணைத்து இவ்வனம் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. எனவே வனத்துறை அனுமதிக்கும் நாளில், அனுமதிக்கும் எல்லைவரை மட்டுமே செல்லுங்கள்.

ஓடையில் இறங்குமுன் வானத்தைப் பாருங்கள். அடிவாரத்தில் வெயில் காய்ந்தாலும் உச்சியில் மழை கொட்டலாம். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலும், சருகுகள் மிதந்து வந்தாலும், மேலே இரைச்சல் கேட்டாலும், பொருள்களை விட்டுவிட்டுப் பிள்ளைகளுடன் உடனே கரையேறுங்கள். இதே மலைத்தொடரிலுள்ள சதுரகிரியில் 2015ஆம் ஆண்டு மே மாதம் திடீர் வெள்ளம் பல உயிர்களைப் பறித்தது. அது கோடைக்காலம் என்பதை மறவாதீர்கள்.

இன்னொன்றையும் இல்லத்தரசியரிடம் சிறப்பாகச் சொல்ல வேண்டும். ராஜபாளையம் நகருக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கம், இம்மலையிலிருந்து இறங்கும் நீரால்தான் நிறைகிறது. நாம் ஓடையில் கரைக்கும் ஷாம்பும், பாறையிடுக்கில் செருகும் பிளாஸ்டிக் பையும், குழந்தையின் அழுக்குத் துணியும் கீழே ஒரு குடும்பத்தின் குடத்தை நோக்கியே பயணம் செய்கின்றன. நீர்நிலையிலும், மக்கள் நடக்கும் பாதையிலும், நிழல் தரும் இடத்திலும் அசுத்தம் செய்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சாபத்திற்குரிய செயல்கள் எனக் கண்டித்துள்ளார்கள். நீரும் பாதையும் நிழலும் ஒருங்கே அமைந்த இடமன்றோ மலையடிவாரம்!

ஆகவே, சகோதரிகளே! பிரியாணிச் சட்டியுடன் வெறும் பையொன்றையும் எடுத்துச் செல்லுங்கள். உண்டு முடித்ததும் எஞ்சியதை அதில் கட்டி ஊருக்கே கொண்டுவாருங்கள். ஓடை நீரை ஒரு பாத்திரத்தில் மொண்டு, கரையில் தள்ளியமர்ந்து அளவாக ஒளு செய்து லுஹரைத் தொழுங்கள். திரும்பும் வழியில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா வாங்கிக் கொடுத்தால் பிள்ளைகள் மகிழ்வார்கள். அவர்களுக்கு நீங்கள் தரக்கூடிய அதைவிடச் சிறந்த பொருள், நாளை அவர்களின் பிள்ளைகளும் வந்து குளிக்கத்தக்க தூய ஓடை. இம்மலை நமக்குச் சொந்தமன்று. அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம்.