கம்போச நாட்டிற் காரைக்காலம்மையார்

கம்போடியா நாட்டுக்குச் சென்று திரும்பினோம் என்று சொன்னவுடன் நம்மவருட் பலர் கேட்கும் முதற் கேள்வி, "அங்கே தமிழர் கட்டிய மாபெருங் கோயிலைக் கண்டீர்களா?" என்பதே. கேட்பவரின் பெருமிதம் நமக்கு விளங்காமலில்லை. ஆயினும் அக்கேள்விக்கு ஆம் என விடையிறுத்தல் முறையன்று. அங்கோரிலுள்ள கோயில்களைக் கட்டினோர் கெமர் மக்கள். கட்டுவித்த அரசரும் கெமர் அரசரே. கல்வெட்டியெடுத்த குலேன் மலையும் அவர்களுடையதே. வர்மன் என முடியும் அரசர் பெயர்களும், சிவன் திருமால் வழிபாடும், தென்னாட்டுப் பல்லவ எழுத்திலிருந்து வளர்ந்த எழுத்தும் கடல் கடந்து அங்கே சென்றன என்பது உண்மை. விதை சென்றது என்பதற்காக, வளர்ந்த மரத்தையும் நமதென்று கூறலாகுமோ? தமிழர்க்கு அந்நாட்டோடு மெய்யான உறவொன்று உண்டு. அஃது இவ்வீண் பெருமையிலும் பன்மடங்கு இனியது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

கொழும்பிலிருந்து பாங்கொக் அல்லது சிங்கப்பூர் வழியாகச் சியெம் ரீப் நகரை அடையலாம். சியாமியர் தோற்ற இடம் என்று அப்பெயருக்குப் பொருள் கூறுவர். 2023 ஒக்டோபரில் திறக்கப்பட்ட புதிய விமான நிலையம் நகருக்கு ஏறக்குறைய 50 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. ஆதலின், நள்ளிரவில் வந்திறங்குவோர் வண்டிக்கு முன்னரே ஒழுங்கு செய்துகொள்ளல் நன்று. கோயில்களுக்குரிய நுழைவுச்சீட்டு ஒருநாளைக்கு 37 அமெரிக்க டொலர், மூன்று நாளைக்கு 62 டொலர். இத்தொகை எம்போன்ற ஆசிரியர்க்குச் சிறிதன்று. எனினும் மூன்று நாட்சீட்டே வாங்குதல் வேண்டும். ஒரே நாளில் அனைத்தையும் பார்ப்போம் என்று ஓடுவோர் படிகளைத்தான் காண்பர், சிற்பங்களைக் காணார். கார்த்திகை முதல் மாசி வரையுள்ள காலம் மழையின்றிச் சற்றுக் குளிர்ச்சியாக இருக்கும்.

அங்கோர் வாட் கோயிலைப் பற்றி நூல்கள் பல உள்ளன. ஆதலின் சுருக்கமாகவே சொல்வோம். 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கென எடுப்பித்தது இது. 190 மீற்றர் அகலமான அகழி நான்கு புறமும் சூழ்ந்திருக்க, நடுக்கோபுரம் நிலத்திலிருந்து 65 மீற்றர் உயர்ந்து நிற்கின்றது. கோயில் மேற்கு நோக்கியது. விடியற்காலையிற் குளக்கரையில் நூற்றுக்கணக்கானோர் கூடிச் சூரியோதயத்தைப் படமெடுக்கக் காத்து நிற்பர். நாம் அவர்களைக் கடந்து நேரே சுற்றுமண்டபத்தினுட் புகுந்தோம். அவ்வேளையில் அங்கே நம்மையும் துப்புரவு செய்யும் பெண்கள் இருவரையும் அன்றி எவருமிலர். வெளியே உதயமாகும் கதிரவனை நம் ஊரிலும் காணலாம். மேலைச் சுவரின் ஒருபாதியிற் குருச்சேத்திரப் போரும் மறுபாதியில் இலங்கைப் போரும் செதுக்கப்பட்டுள்ளன. அநுமன் தோள்மீது இராமன் நிற்கின்றான். தேர்மீது பத்துத் தலையும் இருபது கையுமாக இராவணன் எதிர்க்கின்றான். வானரர் அரக்கரைக் கடித்துக் குதறும் அவ்வெறியைப் பார்க்கும்போது, சிற்பி இதிகாசத்தைக் கேள்வியால் மட்டும் அறிந்தவனல்லன், மெய்ப்போரையும் கண்டவன் என்றே தோன்றுகின்றது. கீழைச் சுவரிலே பாற்கடல் கடையும் காட்சி 49 மீற்றர் நீளத்துக்குச் செல்கின்றது.

மேலைக் கோபுர வாயிலில் எட்டுக் கைகளுடன் நிற்கும் திருமாலுருவம் ஒன்றுண்டு. பொன்னிற ஆடை சாத்தி, ஊதுவத்தி ஏற்றி, உள்ளூர்ப் பௌத்தர்கள் இன்றும் அதனை வணங்குகின்றனர். கோயில் பௌத்தர் வசமாகி நூற்றாண்டுகள் பல கழிந்தன. இலங்கையில் வளர்ந்த தேரவாத நெறியே அங்கே நிலைத்தது. ஆயினும் பழைய தெய்வத்தை அவர்கள் புறந்தள்ளவில்லை. முதியவள் ஒருத்தி தன் பேரப்பிள்ளையின் கைகளைக் கூப்பிவிட்டு அவ்வுருவின்முன் நிறுத்தியதைக் கண்டு நாமும் கைகூப்பினோம்.

அங்கோர் தோம் என்னும் கோட்டை நகரம் ஏழாம் சயவர்மன் காலத்தது. வாயில் தோறும் நாகத்தை இழுக்கும் தேவரும் அசுரரும் இருபுறமும் வீற்றிருக்கின்றனர். அதன் நடுவே முகங்களால் ஆகிய கோபுரங்களையுடைய பாயோன் கோயில் உள்ளது. அதன் கீழ்ச்சுவரைப் பார்க்கத் தவறலாகாது. சந்தையில் மீன் விற்பவளும், சேவற்போரிற் பணயம் வைப்போரும், அடுப்பு மூட்டுவோரும் அங்கே கல்லில் வாழ்கின்றனர். கோயிலைக் கட்டியவர் யாவர் என்று ஐயுறுவோர் அம்முகங்களைப் பார்த்துவிட்டு, வெளியே இளநீர் விற்பவரின் முகத்தையும் பார்த்தால் ஐயம் நீங்கும்.

பாயோனைக் கண்டு களைத்த பயணிகள் பெரும்பாலும் அருகிலுள்ள பாபுவோனை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகின்றனர். நமக்கோ அங்கோரிலே நெடுநேரம் நிற்கத் தோன்றிய இடம் அதுவே. 11ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இரண்டாம் உதயாதித்தவர்மன் காலத்தில் எழுந்த சிவன் கோயில் அது. மலைபோற் படிப்படியாக உயர்வது. உள்ளே மணலை நிரப்பி வெளியே கல்லடுக்கியிருந்தமையால், மழைநீர் ஊறி மணல் தள்ள, கோயில் சரியத் தொடங்கிற்று. 1960ஆம் ஆண்டளவிற் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் அதனைக் கல் கல்லாகப் பிரித்து மீளக் கட்ட முற்பட்டனர். ஏறக்குறைய மூன்று இலட்சம் கற்கள். ஒவ்வொன்றும் எண்ணிடப்பட்டு, இருந்த இடம் குறிக்கப்பட்டு, சுற்றியுள்ள காட்டில் வரிசையாகக் கிடத்தப்பட்டது. அப்போது நாட்டிலே போர் மூண்டது. வேலை நின்றது. 1975இற் கெமர் ரூஜ் படையினர் தலைநகரைக் கைப்பற்றியபின், எந்தக் கல் எங்கே என்று எழுதிவைத்த ஏடுகள் அனைத்தும் அழிந்தன.

கற்கள் இருந்தன, கணக்கு இல்லை. சாந்து பூசாமற் கட்டிய கோயிலாகையால் ஒரு கல் தனக்குரிய இடத்திலன்றி வேறெங்கும் பொருந்தாது. 1995இற் பணியை மீண்டும் தொடங்கியோர், பாரிசில் எஞ்சியிருந்த பழைய நிழற்படங்களையும் கற்களின் அளவையும் அவற்றின் செதுக்கு வேலையையும் துணையாகக் கொண்டு, மூன்று இலட்சம் கற்களையும் ஒன்றோடொன்று ஒப்புநோக்கினர். 2011இற் பணி நிறைவெய்தியது. இன்றும் மரநிழலில் இடந்தெரியாத கற்கள் சில பாசி படர்ந்து கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றன்மீது, மங்கிய எண்ணொன்று கிடந்த திசையை நோக்கி நெடுநேரம் நின்றோம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏடுகள் எரிந்த கதையைப் பெரியோர் வாயிலாகக் கேட்டு வளர்ந்தவர் நாம். ஏடு அழிந்தபின்னும் பதினாறு ஆண்டுகள் இருந்து கல்லைத் தேடிய அம்மனிதரின் பொறுமைக்கு என்ன பெயர் சொல்வது?

மூன்றாம் நாட் காலை, மோட்டார் சைக்கிள் இழுக்கும் வண்டியொன்றிற் பந்தேய் ஸ்ரேய் நோக்கிப் புறப்பட்டோம். வழியெல்லாம் பனைமரங்கள். பனஞ்சர்க்கரை காய்ச்சும் அடுப்புகளைக் கண்டு வண்டியை நிறுத்தி, ஓலையிற் சுற்றிய கருப்பட்டி வாங்கினோம், வடமராட்சியில் இறங்கியதுபோலிருந்தது. வண்டியோட்டி ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். நாம் செய்யும் தொழில் யாதென்று கொச்சை ஆங்கிலத்தில் வினவினார். ஆசிரியர் என்றோம். சிறிது நேரம் பேசாதிருந்து, "என் தந்தையாரும் ஆசிரியர்தான், ஐயா. அவரை அழைத்துச் சென்றபோது நான் கைக்குழந்தை" என்றார். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. கெமர் ரூஜ் ஆட்சியிற் படித்தவர் என்பதே குற்றமாயிருந்தது.

பந்தேய் ஸ்ரேய் சிறிய கோயில். மூலத்தானத்து வாயில் ஒரு மீற்றரிலும் சிறிதே உயரமுடையது. குனிந்தன்றி எவரும் உட்புகார். கி.பி. 967இற் குடமுழுக்குக் கண்டது. கட்டுவித்தவன் அரசனல்லன், யஞ்ஞவராகன் என்னும் அந்தணன். செந்நிற மணற்கல்லை மரத்தைச் செதுக்குவதுபோற் செதுக்கியுள்ளனர். காலை ஒளி படும்போது சுவரெல்லாம் செம்பருத்தி நிறம் கொள்கின்றது. தென்புறத்துச் சிறு கட்டடத்தின் முகப்பில் இராவணன் கயிலையை அசைக்கின்றான். மலைப்படிகளில் முனிவரும் விலங்குகளும் அஞ்சி ஒதுங்க, உச்சியில் உமையம்மை இறைவனைப் பற்றிக்கொள்கின்றாள். சம்பந்தர் பதிகங்களில் எட்டாம் பாடலுக்கு வந்ததும் இக்கதையை எதிர்பார்த்துப் பழகிய சைவர்க்கு, இக்காட்சிக்கு வழிகாட்டி வேண்டுவதில்லை.

உட்கோபுரத்து முகப்பிலே சிவபிரான் பல கரம் வீசி ஆடுகின்றார். ஒருபுறம் முழவு ஒலிக்கின்றது. மறுபுறம், மெலிந்து, மார்பு வற்றி, எலும்பு தெரிய ஒரு பெண் அமர்ந்திருக்கின்றாள். தேவமகளிர் உருவங்களால் நிறைந்த அக்கோயிலில் அழகில்லாதவள் அவள் ஒருத்தியே. அவள் காரைக்காலம்மையார் என்று அறிஞர் கண்டு கூறியுள்ளனர். ஆடவல்லானின் அடிக்கீழ் இருக்கப் பேயுருவை வேண்டிப் பெற்ற நம் அம்மையாரைக் கெமர்ச் சிற்பி எவ்வாறு அறிந்தான்? சேக்கிழார் பெரிய புராணம் பாடியது 12ஆம் நூற்றாண்டில். தஞ்சைப் பெரிய கோயில் நிறைவெய்தியது 1010இல். அவ்விரண்டுக்கும் முன்னரே, தமிழகத்துக்குக் கீழ்த்திசையில் கடல்கடந்த காட்டினுள்ளே, அம்மையார் கல்லிலே அமர்ந்துவிட்டார். பொலன்னறுவையிற் கிடைத்த அம்மையாரின் செப்புருவத்தைக் கொழும்பு நூதனசாலையிற் கண்டோர் அவ்விரு வடிவங்களின் உறவையும் உணர்வர். படை சென்றதனால் வந்த உறவன்று இது. யாரோ ஓர் அடியவர் நெஞ்சிற் சுமந்து சென்ற கதை. யாரோ ஒரு கெமர்ச் சிற்பி அதனைத் தனதாக ஏற்றுக்கொண்டான்.

போக்குவரவு ஒருவழிப்பட்டதுமன்று. முதலாம் குலோத்துங்கனுக்குக் கம்போச மன்னன் காட்சியாகக் காட்டிய கல்லொன்று தில்லையிற் பதிக்கப்பட்ட செய்தியைச் சிதம்பரத்துக் கல்வெட்டு உரைக்கின்றது. நமக்குக் கோயில் என்றாலே தில்லைதானே!

திரும்பும் வழியிற் கண்ணிவெடி நூதனசாலை ஒன்றுண்டு. சிறுவயதிலே படையிற் சேர்க்கப்பட்டுக் கண்ணிவெடி புதைத்த ஒருவர், பின்னர்த் தம் கைகளாலேயே அவற்றைத் தோண்டியெடுத்து அமைத்தது. முகமாலையிற் சிவப்பு மண்டையோட்டுப் பலகைகளைக் கண்ட எம்மவர்க்கு அதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை. கோயிலை விட்டு வெளியேறும் பாதையோரத்திற் காலிழந்தோர் சிலர் கூடியிருந்து வாத்தியம் இசைக்கின்றனர். அவர்களுக்குக் கொடுக்கும் காசு கோயில் உண்டியலில் இட்டதற்கு ஒப்பாகும்.

நேரமிருப்பின் தொன்லே சாப் ஏரியையும் பார்க்கலாம். மழைக்காலத்தில் மேக்கொங் ஆறு பெருகும்போது, ஏரியிலிருந்து வெளியேறும் ஆறு பின்னோக்கிப் பாய்ந்து ஏரியை நிரப்புகின்றது. ஏரி நான்கு மடங்குக்கு மேல் விரிகின்றது. வெள்ளம் வடியும்போது மீன்வளம் பொலியும். கோயில் கட்டியோர்க்குச் சோறும் மீனும் அளித்தது இந்நீரே. கரையூர்களில் வீடுகள் பனையுயரக் கால்களில் நிற்கின்றன. அண்மைய ஆண்டுகளில் வெள்ளமும் மீனும் குறைந்துவருவதாக மீனவர் கவலை கொள்கின்றனர்.

மரக்கறி உண்போர்க்கு ஒரு சொல். பிரஹோக் என்னும் புளித்த மீன்விழுது அந்நாட்டுக் குழம்புகள் பலவற்றிற் கலந்திருக்கும். வேண்டாவென்று முன்னரே தெளிவாகச் சொல்லுதல் வேண்டும். நாம் தங்கிய விடுதியில் அம்மா ஒருவர், மீனுக்குப் பதிலாகச் சோயாக்கட்டியைத் தேங்காய்ப்பாலில் இட்டு வாழையிலைக் கிண்ணத்தில் அவித்துத் தந்தார். சோற்றோடு இருமுறை வாங்கி உண்டோம்.