வண்ணப் படவில்லைகளின் நிலைபேறு

நிலைபேறு என்பது ஒரு பொருளின் இயல்பா, அன்றி அதனைப் பேணுவோரின் கருத்தா? நாம் 'சிலைட்' என வழங்கும் வண்ணப் படவில்லைகளை ஒன்றோடொன்று ஒப்புநோக்குமிடத்து இவ்வினா தானே எழுகின்றது.

கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவத்தைத் தாங்கி நிற்பது வெள்ளித் துகள். வண்ணப் படவில்லையிலோ, படம் கழுவப்படும்போது வெள்ளி முற்றாக அகற்றப்பட்டு, மஞ்சள், மஜெந்தா, மயில்நீலம் என்னும் மூன்று சாயங்களே எஞ்சுகின்றன. சாயங்கள் சேதனப் பொருள்களாதலின் வெப்பமும் ஈரமும் ஒளியும் அவற்றுக்குப் பகையாகும். மூன்றும் ஒரே வேகத்தில் மங்குவதுமில்லை. மயில்நீலம் முந்திக் கழியுமாயின் படம் முழுவதும் செம்மை படர்ந்துவிடும்.

1935இல் அறிமுகமான கொடாக்குரோம் இவ்வகையில் தனித்தன்மை வாய்ந்தது. ஏனைய சுருள்களில் சாயத்தைத் தோற்றுவிக்கும் பொருள்கள் படலத்தினுள்ளேயே பொதிந்திருக்கும். கொடாக்குரோமில் அவை கழுவும்போதுதான் சேர்க்கப்பட்டன. வேலை முடிந்தபின் படத்தில் தங்குவதில்லை. இருளில் வைக்கப்பட்ட கொடாக்குரோம் பல பதின்ம ஆண்டுகளாகியும் நிறம் குன்றாதிருப்பதற்கு இது முக்கிய காரணமாகும். பழைய எக்டாக்குரோம் சுருள்கள் இருளிலேயே நிறம் மாறின. 1970களின் பிற்பகுதியில் ஈ-6 முறை பரவிய பின்னரே அவ்வினம் பெரிதும் தேறியது. ஆயினும் கொடாக்குரோமுக்கும் ஒரு குறையுண்டு. புரொஜெக்டரின் வெப்பம் மிக்க ஒளியில் அது விரைவில் வெளிறும். அவ்வொளியைத் தாங்குவதில் பியூஜிகுரோம் அதனை விஞ்சியது என்பதை ஹென்றி வில்ஹெல்மின் ஆய்வுகள் காட்டின. 1993இல் வெளிவந்த அவரது நூல் இத்துறையில் பெரிதும் மதிக்கப்படுவது.

எங்கள் குடும்பத்துப் படவில்லைகள் இவ்வேறுபாட்டுக்கு நல்ல சான்று. 1960களின் பிற்பகுதியில் இளைஞர் குடியேற்றத்தின்போது என் அப்பப்பா விசுவமடுவில் காணி பெற்றுக் காடு வெட்டியவர். இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய 1970களில் அங்கு மிளகாயும் வெங்காயமும் பொன்னாய் விளைந்தன. இலண்டனில் வாழ்ந்த அவர் தம்பியார் 1974இல் விடுமுறையில் வந்தபோது அத்தோட்டங்களைப் படம்பிடித்துச் சென்றார். ஒரு சுருள் கொடாக்குரோம்; மற்றையது எக்டாக்குரோம். இன்று எக்டாக்குரோமில் வாய்க்காலும் வானமும் செந்நிறமாகக் கிடக்கின்றன. கொடாக்குரோமில் பாயில் உலரும் மிளகாயின் சிவப்பு இன்றும் கண்ணைப் பறிக்கின்றது. ஆனால் அச்சுருளிலேயே ஒரு படம் மட்டும் வெளிறிப் போயிற்று. அது அப்பப்பா மண்வெட்டியுடன் வரம்பில் நிற்கும் படம். வீட்டுக்கு வந்தோர்க்கெல்லாம் அதனையே திரையில் விழுத்திக் காட்டினார்களாம். மிக விரும்பிப் பார்த்ததே மிகுதியாக அழிந்தது. பார்க்கப்படாதவை தப்பின.

இப்படங்கள் விசுவமடுவில் இருந்திருப்பின் நிலை யாது? ஈரப்பதன் 65 வீதத்தைக் கடக்குமிடத்துப் படத்தின் ஜெலற்றினில் பூஞ்சணம் பிடிக்கும். எமது மாரிகாலத்திலும் கோடை வெப்பத்திலும் எந்தச் சுருளும் நெடுங்காலம் நலமாயிருத்தல் அரிது. அதற்கும் மேலானது போர். 2009 சனவரியில் எங்கள் ஊர் மக்கள் வீடுவாசல்களை விட்டுக் கிழக்கு நோக்கி நகர்ந்தபோது அல்பங்களைச் சுமக்க யாருக்கு முடிந்தது? எங்கள் வீட்டு அல்பங்களுள் ஒன்றேனும் மிஞ்சவில்லை. இலண்டனின் குளிர்ந்த அறையொன்றில் கிடந்த இரு சிறு பெட்டிகளே மீந்தன. எனவே, சுருளின் தரத்தைவிட அது கிடந்த இடமே முடிவைத் தீர்மானித்தது எனலாம்.

கொடாக்குரோமின் உற்பத்தி 2009இல் நிறுத்தப்பட்டது. அமெரிக்காவின் பார்சன்ஸ் நகரில் எஞ்சியிருந்த இறுதி நிலையமும் 2010 திசம்பர் 30ஆம் நாளுக்குப் பின்னர் அச்சுருளைக் கழுவ ஏற்கவில்லை. இனி அவ்வினத்தில் புதுப்படம் தோன்றாது. உள்ளவற்றைக் காப்பதே எஞ்சிய பணி. மூலத்தை இருளிலும் குளிர்ச்சியிலும் வறட்சியிலும் வைத்து, அதன் எண்மப் படியையே பார்வைக்கு எடுத்தல் வேண்டும். அப்படியையும் ஓரிடத்தில் மட்டும் வைத்தல் தகாது. கணினித் தட்டும் பழுதாவதே, ஊரும் இடம்பெயர்வதே.

ஆயின் சாயத்தினும் விரைந்து மங்குவது ஒன்றுண்டு. அப்பப்பாவின் அருகில் மிளகாய் கொய்யும் எண்மருள் ஐவரின் பெயரையே அவரால் இன்று கூற முடிகிறது. நிறம் தெளிவாயிருந்தும் மூவர் பெயரற்றோராயினர். அக்குடியேற்றவாசிகளுள் உயிரோடிருப்போர் எண்பதை அண்மித்துவிட்டனர். புலம்பெயர் நாடுகளில் இத்தகைய பெட்டிகள் இன்னும் பல கிடக்கலாம். அவற்றைத் தேடிப் படியெடுப்பதோடு, படத்திலுள்ளோர் யார், எந்தக் காணி, எந்த ஆண்டு என்பனவற்றை முதியோரிடம் கேட்டு எழுதிவைக்கும் பணியைக் கலைப்பீட மாணவராகிய நாம் ஏற்றல் வேண்டும். எந்தப் படச்சுருளும் அதனைத் தானாகச் செய்துவிடாது.