மேலே கறுப்பு, கீழே கறுப்பு!

எங்கள் ஆபீஸில் யார் புது டி.வி. வாங்கினாலும் மறுநாள் காலை என் மேஜை முன் வந்து நிற்பார்கள். எனக்கு ரிப்பேர் தெரியும் என்பதால் அல்ல. சினிமா சம்பந்தமாக எதைக் கேட்டாலும் மணிக்கணக்கில் பதில் சொல்லுவேன் என்று ஒரு கெட்ட பெயர்.

சமீபத்தில் வந்தவர் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் நண்பர். 43 இஞ்ச் டி.வி., 12 மாதத் தவணை. முகத்தில் ஏமாந்த களை.

"சார், 43 இஞ்ச்சுனு சொல்லிக் காசு வாங்கிட்டான். படம் போட்டா மேல ஒரு பட்டை, கீழ ஒரு பட்டை. ஸ்கேல் வெச்சு அளந்துட்டேன். ஒவ்வொண்ணும் ரெண்டரை இஞ்ச். ஆக அஞ்சு இஞ்ச் சும்மா கிடக்கு. அதுக்கும் சேர்த்துத்தானே இ.எம்.ஐ. கட்டறேன்?"

அக்கவுண்ட்ஸ்காரர் கணக்கில் தப்பு வருமா? அந்த டி.வி.யின் உயரம் 21 இஞ்ச் சொச்சம். அதில் சினிமாஸ்கோப் படம் பிடிப்பது 16 இஞ்ச்தான். கால்வாசித் திரை கறுப்பு. ஆனால் குற்றவாளி கடைக்காரர் இல்லை. ஆளைப் பிடிக்க 130 வருஷம் பின்னால் போக வேண்டும்.

1890களில் எடிசனின் லாபில் டிக்ஸன் என்பவர் 35 மில்லிமீட்டர் ஃபிலிமில், ஒரு படத்துக்கு நாலு துளை உயரம் என்று வைத்தார். அகலம் நாலு பங்கு, உயரம் மூணு பங்கு. அதுவே உலக வழக்கமாகிவிட்டது. பேசும் படம் வந்ததும் ஓரத்தில் சத்தத்துக்கு இடம் விட வேண்டியிருந்ததால் 1932-ல் ஹாலிவுட்டில் லேசாக மாற்றினார்கள், அவ்வளவுதான். பிறகு டி.வி. செய்தவர்களும் அதே நாலுக்கு மூணை எடுத்துக்கொண்டார்கள். அண்ணன் சட்டையைத் தம்பி போட்டுக்கொண்ட மாதிரி. வீட்டில் சண்டை இல்லை.

தம்பி வளர்ந்த பிறகுதான் தகராறு. 1950களில் அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு டி.வி. வந்தது. தியேட்டரில் ஈ ஓட்டினார்கள். 'டி.வி.யால் முடியாத எதையாவது காட்டு' என்று முதலாளிகள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். 1952-ல் மூன்று புரொஜக்டர்களை ஒன்றாக ஓட்டி, வளைந்த திரையில் சினிராமா காட்டினார்கள். 1953-ல் ஃபாக்ஸ் கம்பெனி 'தி ரோப்' படத்தோடு சினிமாஸ்கோப்பை இறக்கியது. ஆன்ரி க்ரெத்தியன் என்ற பிரெஞ்சுக்காரரின் லென்ஸ் வித்தை அது. படம் பிடிக்கும்போது ஒரு லென்ஸ் அகலத்தைப் பாதியாக நசுக்கி ஃபிலிமுக்குள் திணிக்கும். தியேட்டரில் இன்னொரு லென்ஸ் அதை விரித்துக் காட்டும். சில வருஷத்தில் உயரம் ஒன்று என்றால் அகலம் 2.35 என்று நிலைத்தது.

அதாவது, டி.வி.க்குள் நுழையவே கூடாது என்று திட்டம் போட்டு அகலமாக்கிய சமாசாரம் இது. அதை வீட்டில் போட்டுவிட்டு, "ஏன் சார் நுழைய மாட்டேங்குது?" என்றால்?

நம் நாட்டில் முதல் சினிமாஸ்கோப் 1959-ல் வந்த குரு தத்தின் 'காகஸ் கே ஃபூல்'. தமிழில் 1973-ல் சிவாஜியின் 'ராஜராஜ சோழன்'. சோழன் காட்டிய வழியில் எல்லோரும் ஸ்கோப்புக்கு மாறினார்கள்.

இதையெல்லாம் பழைய டி.வி.யில் போட்டபோது வழி இரண்டே. ஒன்று, படத்தைச் சின்னதாக்கி முழுசாகக் காட்டுவது. மிச்சம் கறுப்பு. இல்லையென்றால் உயரத்தை நிரப்பிவிட்டு இரண்டு பக்கத்தையும் வெட்டுவது. வெட்டினால் நூற்றுக்கு 43 பங்கு காலி. வெளிநாட்டில் ஓர் ஆள் உட்கார்ந்து, எந்தக் காட்சியில் எந்தப் பக்கம் முக்கியம் என்று பார்த்து நகர்த்துவார். 'பேன் அண்ட் ஸ்கேன்' என்று பெயர். அந்தப் பொறுமை இல்லாத இடங்களில் நடுவை வைத்துக்கொண்டு இரண்டு ஓரத்தையும் கடாசினார்கள். காதலனும் காதலியும் ஆளுக்கொரு ஓரத்தில் நின்று உருகுவார்கள். நமக்குத் தெரிவது இரண்டு மூக்கும் நடுவில் ஒரு பூந்தொட்டியும். பல படங்களில் பெயர் போடும்போது மட்டும் எல்லோரும் மூங்கில் மாதிரி ஒல்லியாகத் தெரிவார்கள். பெயர் வெட்டுப்பட்டால் வம்பாயிற்றே, அதனால் நசுக்கி அடைத்தது! ஆட்களை வெட்டினால் யார் கேட்கப்போகிறார்கள்?

எங்கள் வீட்டில் கேட்க ஆள் இருந்தது.

என் பெரியப்பா சினிமாவில் குரூப் டான்ஸர். 1980களின் ஆரம்பத்தில் வந்த ஒரு ஸ்கோப் படத்தில், ஒரே ஒரு பாட்டில், முன் வரிசையின் இடது கோடியில் மஞ்சள் சட்டையோடு ஆடுவார். படம் மூன்று வாரம் ஓடியது. அப்புறம் அதை யாரும் சீண்டவில்லை. 1990களில் ஒரு சேனல் அதைப் போடுவதாக அறிவித்ததும் வீடே கூடிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் பாயோடு வந்தார்கள். பாட்டும் வந்தது. கதாநாயகி வந்தாள், நடுவில் ஆறு பேர் வந்தார்கள். இடது ஓரத்தில் மஞ்சளாக ஒரு முழங்கை எட்டிப் பார்த்தது, போனது, மறுபடி எட்டிப் பார்த்தது.

"அதோ, அது நாந்தான்!" என்றார் பெரியப்பா.

"எதுடா?" என்றாள் பாட்டி.

"அந்தக் கை."

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். அன்றிலிருந்து தெருவில் அவர் பெயர் 'முழங்கை மாமா'. அதற்கும் சிரித்துக்கொண்டேதான் இருந்தார். ஆனால் அப்புறம் அந்தப் படத்தைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை.

அவர் போய் மூன்று வருஷம் கழித்து, பர்மா பஜாரில் அதே படத்தின் டி.வி.டி. கண்ணில் பட்டது. வாங்கி வந்து போட்டேன். மேலே கறுப்பு, கீழே கறுப்பு. நடுவில் நீளமாகப் படம். இடது கோடியில் முழுசாகப் பெரியப்பா. மீசையை மழித்துக்கொண்டு, வியர்வையோடு, யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் ஒரு ஸ்டெப் தவறாமல் ஆடிக்கொண்டிருந்தார்.

"மேலயும் கீழயும் இருட்டா இருக்கே, ரிப்பேரா பெரியம்மா?" என்று கேட்டான் பக்கத்து வீட்டுப் பையன்.

"இருந்துட்டுப் போகட்டும்டா. அந்தப் பாட்டை முதல்லேருந்து போடச் சொல்லு" என்றாள் பெரியம்மா, கண்ணை எடுக்காமல்.

இப்போதைய டி.வி. 16-க்கு 9. அது ஒரு பஞ்சாயத்துத் தீர்ப்பு. 1980களில் கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற அமெரிக்க எஞ்சினியர், புழக்கத்தில் இருந்த எல்லா அளவுகளையும் சமப் பரப்புள்ள கட்டங்களாக வரைந்து ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் பொதுவாக அமைந்த கட்டம் 16-க்கு 9. நல்ல தீர்ப்பு என்றால் இரண்டு கட்சிக்கும் கொஞ்சம் மனக்குறை இருக்க வேண்டும் அல்லவா? பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் பக்கவாட்டில் பட்டை, ஸ்கோப் படத்துக்கு மேலும் கீழும் பட்டை.

பட்டை பிடிக்காதவர்களுக்காகவே ரிமோட்டில் 'ஜூம்' வைத்திருக்கிறான். அழுத்தினால் திரை நிரம்பும், படத்தில் கால்வாசி போகும். இழுத்துப் பரப்பும் வசதியும் உண்டு. பழைய படத்தில் அதைச் செய்தால் கதாநாயகன் பூரி மாதிரி உப்பிவிடுவார். செல்போனிலும் இரண்டு விரலால் விரித்தால் இதே கதைதான்.

அடுத்த முறை ஜூம் பட்டன் பக்கம் விரல் போனால், அந்த ஓரத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அங்கே யாராவது மஞ்சள் சட்டையில் ஆடிக்கொண்டிருக்கலாம்.