உறிஞ்சிச் சாப்பிடும் கடை

ஜூன் பிறந்தால் டோக்கியோவில் மழைதான். கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிற மழை அல்ல. ஜூலை நடுப்பகுதி வரை விட்டு விட்டு நச்சரிக்கும் மழை. உமே பழம் பழுக்கும் காலத்தில் வருவதால் அந்தப் பழத்தின் பெயரையும் சேர்த்தே மழையின் பெயரை எழுதுகிறார்கள்.

டெல்லியிலிருந்து அலுவலக வேலையாகப் போயிருந்த அந்த மதுரைக்காரர் மழையில் மாட்டிக்கொண்டது ஜிம்போச்சோவில். பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர்போன பகுதி. குடையோ ஹோட்டல் அறையில். ஒதுங்க இடம் தேடிச் சந்துக்குள் திரும்பியவரின் கண்ணில் பட்டது, வாசலில் பாதி உயரத்துக்குத் தொங்கிய ஒரு நீலத் துணி. துணி தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம். உள்ளே எட்டே ஸ்டூல்கள்.

சர்வர் கிடையாது. வாசலருகே ஒரு டிக்கெட் இயந்திரம். பொத்தான்களில் இருந்த ஒரு எழுத்தும் புரியவில்லை. ஆயிரம் யென் நோட்டைச் செருகி, மேல் வரிசையில் இடது ஓரத்துப் பொத்தானை அழுத்தினார். குருட்டு அதிர்ஷ்டம்தான். பெரும்பாலான கடைகளில் பிரதான ஐட்டத்துக்கு அந்த இடம்தான்.

வந்தது ராமென். சோயா சாஸ் கலந்த பழுப்பு நிறக் கோழிச் சாறு, மஞ்சள் நூடுல்ஸ், மூங்கில் குருத்து, ஒரு துண்டு பன்றி இறைச்சி. (சைவர்கள் வாசலோடு திரும்பிவிடுவது நல்லது.) ஜப்பானின் அடையாளமாகிவிட்ட இந்தப் பண்டம் சீனாவிலிருந்து வந்தது. 1910இல் டோக்கியோவின் அசகுசாவில் திறந்த ஒரு கடை சீனச் சமையல்காரர்களை வைத்து இதைப் பிரபலமாக்கியது. போருக்குப் பிறகு வந்த அமெரிக்கக் கோதுமை இதை ஊரெங்கும் பரப்பியது. 1958இல் மொமொஃபுகு அண்டோ இதையே பாக்கெட்டில் அடைத்தார். 1983இல் நம் வீடுகளுக்கு வந்த மேகி, ஒரு வகையில் அதன் தூரத்துச் சொந்தம்.

ஆனால் அவரைத் திடுக்கிட வைத்தது ருசி அல்ல, சத்தம். கோட்டும் டையுமாக இருந்த ஆசாமிகள் கிண்ணத்தின் மேல் குனிந்து, கூச்சமே இல்லாமல் உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். இந்தச் சத்தத்துக்கு ஜப்பானிய மொழியில் 'ஸுருஸுரு' என்று ஒரு சொல்லே உண்டு. நம் இரட்டைக்கிளவி போல. உறிஞ்சும்போது கூடவே காற்றும் போவதால் சூடு தணியும், மணம் மூக்குக்கு ஏறும். ஆற வைத்தால் நூடுல்ஸ் ஊறிக் கொழகொழத்துவிடும்.

அவருக்கு அப்பா ஞாபகம் வந்தது. உள்ளங்கையைக் குழித்து ரசத்தை அள்ளி, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி உறிஞ்சுவார் அப்பா. சில வருடங்களுக்கு முன் டெல்லி வீட்டுக்கு அலுவலக நண்பர்கள் சாப்பிட வந்த அன்று, "அப்பா, மெதுவா" என்று மகன் காதோரம் சொன்னார். இரண்டே வார்த்தை. அப்பா ஸ்பூனை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு யாராவது விருந்தாளி வருகிறார்கள் என்றால், முன்கூட்டியே சமையலறையில் சாப்பிட்டு முடித்துவிடுவார். யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

மதுரைக்காரர் முதலில் சத்தமில்லாமல்தான் சாப்பிட்டார். நாக்கு சுட்டது. பக்கத்து ஸ்டூல்காரர் கிண்ணத்தைக் காலி செய்து எழுந்தபோது இவர் பாதியைக்கூடத் தாண்டவில்லை. பிறகு அவரும் உறிஞ்சினார். சட்டையில் இரண்டு சொட்டு தெறித்ததைத் தவிர வேறு ஒன்றும் ஆகவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இரவு டெல்லிக்குப் போன் செய்தார். மழை, விலைவாசி எல்லாம் முடிந்து பேச்சு சாப்பாட்டுக்கு வந்தது.

"சத்தம் போட்டா சாப்பிடறாங்க?" என்றார் அப்பா.

"ஆமாப்பா. எல்லாரும்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அங்க ரசம் கிடைக்குதா?" என்று கேட்டார் அப்பா.