அறுந்த இழை

ஐயம்பேட்டையில் ஒரு நெசவாளர் இல்லத்திற்கு ஆசீர் வழங்கச் சென்றிருந்தோம். தறியருகே அமர்ந்திருந்த இளம்பெண், தன் வயிற்றில் இரு குழந்தைகள் வளர்வதாக மருத்துவர் கூறியதைத் தயங்கித் தயங்கித் தெரிவித்தாள். அவள் அச்சத்தைப் போக்க எண்ணி, "கவலைப்படாதே அம்மா, கடவுள் பார்த்துக்கொள்வார்" என்றோம். அருள்பணியாளர் நாவில் எளிதாக வந்துவிடும் சொல் அது.

அடுத்த மாதம் சென்றபோது, அவள் பரிசோதனைக்குப் போகவில்லை என அறிந்தோம். முகூர்த்த காலம், புடவை முடிந்தாக வேண்டும். கோர்வைப் புடவையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். கணவன் நெய்ய, கரை நாடாவைத் தள்ள அவள் பக்கத்தில் இருக்க வேண்டும். "கடவுள் பார்த்துக்கொள்வார் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், சாமி" என்றாள். நம் சொல்லே நம்மைச் சுட்டது.

மருத்துவத் துறவுச் சகோதரி ஒருவரிடம் விளக்கம் கேட்டோம். கிளாஸ்கோ நகர மருத்துவர் இயன் டொனால்டும் அவர்தம் துணைவரும் ஒலியலைகளால் கருவைக் காணும் முறையை 1958இல் வெளியிட்டனர். அதற்கு முன், வயிற்றில் இருப்போர் இருவர் என்பதைப் பல தாய்மார் பேறு நாளன்றே அறிந்தனர். இன்றோ, இருவரும் ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்கின்றனரா என்பதை முதல் மூன்று மாதங்களிலேயே காணலாம். பகிர்ந்தால், ஒரு குழந்தைக்கு இரத்தம் மிகுந்தும் மற்றதற்குக் குறைந்தும் போகக்கூடும். ஆகவே 16ஆம் வாரம் முதல் இரு வாரத்திற்கொருமுறை பார்ப்பது நெறி. இப்பெண்ணின் குழந்தைகளும் அவ்வாறு பகிர்பவர்களே.

தாமார் இரட்டையரை ஈன்ற நிகழ்ச்சி நம் நினைவில் எழுந்தது. முதலில் வெளிவந்த கையில் மருத்துவச்சி சிவப்பு நூல் கட்டினாள் என்கிறது தொடக்கநூல். அக்கை உள்ளே திரும்ப, மற்றவனாகிய பெரேட்சு முந்திப் பிறந்தான். அவன் வழியாகவே மத்தேயு நம் ஆண்டவரின் தலைமுறைகளை எண்ணுகிறார். மீட்பின் வரலாற்றில் விழிப்பான ஒரு மருத்துவச்சிக்கும் இடமுண்டு. கடவுள் பார்த்துக்கொண்டார், அவள் கண்களைக் கொண்டும் பார்த்தார்.

மீண்டும் அவ்வீட்டிற்குச் சென்று இதைச் சொன்னோம். நம் தவற்றையும் ஒப்புக்கொண்டோம். கேட்டுக்கொண்டே நெய்த கணவன், திடீரெனத் தறியை நிறுத்திப் பாவில் அறுந்திருந்த இழையொன்றைப் பிணைத்தான். "இப்போதே முடியாவிட்டால் நெடுகக் கோடு விழும், சாமி" என்றவன், தன் சொல்லைத் தானே கேட்டவன்போல் மனைவியைப் பார்த்தான். "நாளைக்குத் தறி நிற்கட்டும்" என்றான்.

மறுநாள் இரு இதயத் துடிப்பையும் கேட்டுத் திரும்பினர். இவ்வரிகளை எழுதும்போது அவளுக்கு 26ஆம் வாரம். பேறு வரை அச்சம் முற்றிலும் நீங்கப்போவதில்லை. பரிசோதனை நாள்தோறும் அத்தறி ஓய்கிறது. அன்றைய திருப்பலியை அவர்களுக்காக ஒப்புக்கொடுக்கிறோம். கருவுற்ற தாய்மாரிடம் "கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று இன்றும் சொல்கிறோம். அத்துடன், "அடுத்த பரிசோதனை என்றைக்கு, அம்மா?" என்றும் கேட்கிறோம்.