ஒரு கோழியும் ஒரு முழம் சணலும்

கோழியைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் ஹாஸ்டல் ரூமில் ஒரே சிரிப்பு. "சிக்கன் குழம்பு வைக்கிறது எப்படியா மச்சி?" என்றான் ஒருத்தன். இல்லைங்க. இது நான் செஞ்ச ஒரு வேலையைப் பற்றியது. பெருமைப்படுகிற மாதிரி வேலை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்க ஊர் போடிநாயக்கனூர். ஏலக்காய் ஏலம் நடக்கிற ஊர் என்றால் சிலருக்குத் தெரியும். (ஏலக்காய்க்கே ஏலமா என்ற ஜோக்கை ஆயிரம் தடவை கேட்டாச்சு, வேண்டாம்!) காய் விளைவது மேலே, கேரளா பக்கம் மலையில். விடியறதுக்கு முன்னாடி ஜீப் ஜீப்பாக எங்க ஊர்ப் பெண்கள் முந்தல் வழியாக மலை ஏறுவார்கள், சாயங்காலம் இறங்குவார்கள். என் அத்தை மட்டும் இறங்குவதில்லை. பூப்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் லயத்து வீட்டிலேயே தங்கிவிட்டது.

போன வருஷம் கோடையில் அப்பத்தா வளர்த்த ஏழு கோழியும் ஒரே வாரத்தில் போச்சு. வெள்ளைக்கழிச்சல். இதைத்தான் டாக்டர்கள் ராணிக்கெட் நோய் என்பார்கள். உத்தரகாண்டில் இருக்கிற ஒரு ஊரின் பேர் அது. ஊசி போட்டிருந்தால் தப்பித்திருக்கும், போடவில்லை. பஞ்சாரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அப்பத்தா நாலு மாசம் கோழிப் பேச்சே எடுக்கவில்லை. இதைக் கேள்விப்பட்ட அத்தை, தீபாவளி லீவில் நான் மலைக்குப் போனபோது ஒரு செவலைக் கோழியைக் கையில் கொடுத்து, "நல்லா அடை உக்காரும்டா, ஆத்தாகிட்ட பத்திரமா சேத்துரு" என்றது.

பத்திரமா. அந்த வார்த்தையைத்தான் நான் கோட்டைவிட்டேன்.

மூட்டை தைக்கிற சணல் ஒரு முழம் கிடந்தது. கோழியின் ரெண்டு காலையும் சேர்த்து இறுக்கி, ரெண்டு முடிச்சு போட்டேன். பறந்துவிடும் என்கிற பயம். சந்தையில் எல்லாரும் தூக்கிப் போகிற மாதிரி தலைகீழாகத் தொங்கவிட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினேன். உள்ளே நிற்கக்கூட இடமில்லை, கோழி காலுக்கடியில். நல்ல மழை. போடிமெட்டில் கொஞ்ச நேரம் நின்று, 17 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வீடு வர ராத்திரி 7 மணி. அப்பத்தா அடுத்த தெருவில் சின்ன அப்பத்தா வீட்டில் இருந்தது. அந்த நேரம் பார்த்து ஃப்ரெண்ட்ஸ் போன். கோழியைத் திண்ணைக்குக் கீழே போட்டுவிட்டு படத்துக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது மணி பன்னிரண்டு. படுத்துத் தூங்கினேன்.

காலையில் 6 மணிக்குத்தான் ஞாபகம் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் கோழி அதே இடத்தில், அதே மாதிரி ஒருக்களித்துக் கிடக்கிறது. சணல் ஈரத்தில் ஊறிக் கண்ணுக்கே தெரியவில்லை, அந்த அளவுக்குத் தோலுக்குள் இறங்கியிருந்தது. பிளேடால் அறுத்து எடுத்தேன். எழுந்து நிற்கப் பார்த்து அப்படியே சரிந்தது. இடது பாதம் புஸ்ஸென்று வீங்கி, விரல் எல்லாம் ஜில்லென்று இருந்தது. அறுத்த சணலைச் சாக்கடையில் வீசினேன். அப்பத்தா வந்து கேட்டபோது, "ஜீப்ல யாரோ மிதிச்சுட்டாங்க அப்பத்தா" என்றேன். யோசிக்காமல் வந்த பொய். எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் இப்போதும் உறுத்துகிறது.

அப்பா ஒரே வரியில் முடித்தார்: "கொழம்பு வச்சுருவோம்." அப்பத்தா ஒத்துக்கொள்ளவில்லை. பஞ்சாரத்தை நிமிர்த்தி, தரையில் காய்ந்த உமி பரப்பி கோழியை உட்கார வைத்துவிட்டு, கூடையில் இன்னொரு துணி போட்டு எடுத்துக்கொண்டு, "வாடா, மாட்டாஸ்பத்திரிக்குப் போவோம்" என்றது.

கோழிக்கு டாக்டரா என்று அங்கே யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் கோழியின் தலையை ஒரு துணியால் மூடினார். இருட்டானதும் அது அடங்கிவிட்டது (இந்த டிரிக் எனக்கு அதுவரை தெரியாது). எலும்பை நீவிப் பார்த்தார், முறிவு இல்லை. தன் விரலை அதன் பாதத்தில் வைத்துக் காலை மடக்கினார். கோழி காலை மடக்கினால் உள்ளே இருக்கிற நரம்பு, அதாவது தசைநாண், இழுத்து விரல்கள் தானாக மூடிக்கொள்ளும். தூங்கும்போதும் கிளையிலிருந்து விழாமல் இருப்பது அதனால்தான். வலது கால் அவர் விரலைப் பிடித்தது. இடது கால் பாதிதான் பிடித்தது. அப்புறம் ரெண்டு காலிலும் மோதிரம் போட்ட மாதிரி இருந்த பள்ளத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எவ்வளவு நேரம் கட்டி இருந்துச்சு?"

அப்பத்தா பக்கத்திலேயே நிற்கிறது. "ரெண்டு மணி நேரம் சார்" என்றேன்.

"தம்பி, நான் திட்டுறதுக்காகக் கேக்கல. நேரத்தச் சொன்னாத்தான் வைத்தியம் தெரியும்."

"நேத்து சாயங்காலம் அஞ்சுல இருந்து... காலைல ஆறு வரைக்கும்."

பதிமூணு மணி நேரம். கயிறு இறுகும்போது கீழே போன ரத்தம் மேலே திரும்ப வழியில்லாமல் தேங்கும், அதனால் வீங்கும், வீங்கினால் கயிறு இன்னும் இறுகும். போகப் போக உள்ளே போகிற ரத்தமும் நின்றுவிடும் என்று விளக்கினார். ஒரு ஊசி போட்டு, அயோடின் மருந்தால் கழுவி, விரல் வெளியே தெரிகிற மாதிரி தளர்வாகத் துணி சுற்றினார். விரல் நிறம் மாறுதா என்று தினமும் பார்க்கணும். இறுக்கிக் கட்டினால் மறுபடி அதே கதைதான். அவர் சொல்கிற நாள் வரைக்கும் முட்டையோ கறியோ சாப்பிடக் கூடாது. வீட்டில் இருக்கிற மாத்திரை எதையும் உடைத்துப் போடக் கூடாது.

வரும் வழியில் அப்பத்தா ஒரு வார்த்தை பேசவில்லை. "வெறுவாக்கெட்ட பயலே" என்று ஒரு திட்டு விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் அயோடின் பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு, "நீதான் பாக்கணும்" என்றது. அவ்வளவுதான்.

லீவு முழுக்க நான்தான் நர்ஸ் :-) காலையில் துண்டால் சுற்றி மடியில் வைத்து, கட்டைப் பிரித்து, கழுவி, மறுபடி கட்டணும். ஐப்பசி மழையில் உமி நமத்துப் போகும், தினமும் மாற்றணும். ஈரத்தில் நின்றால் புண் ஆறாது. நடக்க முடியாததால் தண்ணீரும் கம்பும் அலகுக்கு எட்டுகிற தூரத்தில் வைக்கணும். ஈ உட்கார்ந்தால் புழு வைத்துவிடும் என்று அப்பத்தா வேப்பெண்ணெயோடு வந்தது. டாக்டர் வேறு எதையும் தடவச் சொல்லவில்லையே என்றேன். புண்ணில் தடவாமல் பஞ்சாரத்தைச் சுற்றித் துடைத்துவிடுவது என்று சமாதானம் ஆனது. கூச்சமாக இருந்தது என்னவென்றால், நாலாவது நாளில் இருந்து என்னைக் கண்டதும் கோழி கத்துவதை நிறுத்திவிட்டது. அதுக்கு என்னை யாரென்று தெரியவில்லை போல.

லா காலேஜில் படிக்கும் ஃப்ரெண்ட் ஒருத்தனிடம் இதைச் சொன்னேன். வதை தருகிற விதத்தில் விலங்கைக் கொண்டுபோவது 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம் 11-ஆவது பிரிவின்படி குற்றம்டா என்றான். முதல் தடவை என்றால் அபராதம் 10 ரூபாயில் இருந்து 50 ரூபாய் வரை. அப்பத்தாவிடம் சொன்னேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தது. "அம்பது ரூவாயா? ஜீப்புக்காரன் அதவிடக் கூட வாங்குறானேடா!"

இடது காலின் வெளி விரல் மட்டும் கறுத்து, காய்ந்து குச்சி மாதிரி ஆகி, மூணாவது வாரம் தானாக விழுந்துவிட்டது. அப்போது நான் காலேஜில். அப்பத்தா போனில் சொன்னது, "மத்த வெரலு தப்பிச்சிருச்சுய்யா." மிச்ச விரல்களை வைத்து நடக்கிறது, விந்தி விந்தி. உயரத்தில் ஏறி அடைய முடியாது, பஞ்சாரம்தான்.

தை மாசம் அடை வைத்ததில் 11 முட்டையில் 8 பொரித்தது. கோழி ஒரு காலில் நின்றுகொண்டு இன்னொரு காலால்தான் மண்ணைக் கிளறும். குஞ்சுகளுக்கு இரை காட்ட இது கிளறும்போது, வலது காலை ஓங்கினால் இடது கால் தாங்காமல் சாய்ந்துவிடும். எழுந்து மறுபடி கிளறும். இந்தத் தடவை 8 குஞ்சுக்கும் ராணிக்கெட் மருந்து போட்டாச்சு.

போன மாசம் மறுபடி மலைக்குப் போனேன். அத்தை இன்னொரு விடைக்கோழி கொடுத்தது. பழக்கடையில் கேட்டு வாங்கிய அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, உள்ளே வைக்கோல் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் உட்கார்ந்தேன். டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"என்னப்பா அது, டிவியா?"

"கோழிண்ணே."

"கால கட்டிக் கீழ போட வேண்டியதுதான? எடத்த அடைக்குதுல்ல" என்று பெட்டிக்கும் சேர்த்து டிக்கெட் காசு வாங்கிக்கொண்டார்.