கேமரன் மலைச் சாலையில் ஒரு பழைய சாகா

தாப்பா பட்டணத்திலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையை ஒரே மூச்சில் ஓட்டி முடிப்பவர்கள் குறைவு. தானா ராத்தாவரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர்தான். ஆனால் வளைவுகளில் பிள்ளைகளுக்குத் தலை சுற்றும். லாத்தா இஸ்கண்டார் அருவியைக் கண்டதும் யாராவது "நிறுத்துங்க" என்பார்கள். சாலையோரக் குடில்களில் பூர்வக்குடியினர் விற்கும் பெத்தாயும் தேனும் கையைப் பிடித்து இழுக்கும். ஏறுவதும் நிற்பதுமாகத்தான் இந்தப் பயணம் போகும்.

புதுக் கார்களுக்கு இது ஒரு பொருட்டல்ல. கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு இ.எஃப்.ஐ. பொருத்திய பழைய கார்களுக்கோ, நிற்கும் ஒவ்வோர் இடமும் ஒரு சோதனை.

அப்படிப்பட்ட கார்கள் நம் நாட்டில் நிறையவே உண்டு. 1985 ஜூலையில் அறிமுகமான முதல் புரோட்டோன் சாகா கார்புரேட்டரில் ஓடியது. அப்பா ஓட்டிய சாகாவை விற்க மனமில்லாத பிள்ளைகள், பிறகு வந்த வீராவின் பாகங்களைத் தேடிப் பிடித்து அதை இ.எஃப்.ஐ.க்கு மாற்றுவதுண்டு. எங்கள் வீட்டிலும் அண்ணன் அதைத்தான் செய்தார். காலையில் சாவியைத் திருப்பியதும் காடி உயிர் பெற்றது. அப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

பள்ளி விடுமுறையில் அதே காரில் அம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மலையேறினோம். அருவியருகே 20 நிமிடம் நின்றோம். திரும்பி வந்து சாவியைத் திருப்பினால், ஸ்டார்ட்டர் வேகமாகச் சுழல்கிறது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை.

"சரிவுல உருட்டி விட்டுப் பார்க்கலாமா?" என்றார் அண்ணன்.

"பிள்ளைங்கள இறக்கிட்டு நீ மட்டும் உருட்டிக்கோ" என்றார் அம்மா.

அம்மா சொன்னது நியாயம்தான். பிரேக்குக்குத் துணை நிற்கும் உறிஞ்சு விசை, இன்ஜின் ஓடினால்தான் கிடைக்கும். ஓடாத காரில் சில முறை மிதித்ததும் பெடல் கல்லாகிவிடும். அந்தச் சாலையில் அது விளையாட்டல்ல. தவிர, ஸ்டார்ட்டர் நன்றாகச் சுழலும்போது உருட்டுவதால் கூடுதலாக எதுவும் கிடைக்கப்போவதில்லை. பானெட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தோம். முக்கால் மணி நேரம் கழித்து, எதுவுமே நடக்காததுபோல் கார் கிளம்பியது. "வீட்டுக்குப் போனதும் வித்துடலாம்" என்றார் அண்ணன். அம்மா பதில் பேசவில்லை.

ரிங்லெட்டில் ஒரு வயதான பொமன் காருக்கு அடியில் எட்டிப் பார்த்தார். "கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்கு தம்பி. பெட்ரோல்தான் கொதிக்குது" என்றார்.

அவர் விளக்கியது இதுதான். இன்ஜின் ஓடும்போது தண்ணீர் சுற்றுகிறது, விசிறி காற்றை இழுக்கிறது, டாங்கியிலிருந்து குளிர்ந்த பெட்ரோல் வந்துகொண்டே இருக்கிறது. சாவியை அணைத்ததும் மூன்றும் நின்றுவிடும். இரும்பில் தேங்கிய சூடு பானெட்டுக்குள் பரவும். ஆக, காரை நிறுத்திய பிறகுதான் அங்கே சூடு கூடுகிறது. ஐந்து நிமிடத்தில் கிளம்பினால் தொல்லை இருக்காது. ஒரு மணி நேரம் கழித்தும் இருக்காது. நடுவில்தான் வம்பு.

பெட்ரோலின் ஒரு பகுதி 40 டிகிரிக்கு முன்னும் பின்னுமே ஆவியாகத் தொடங்கிவிடும். இ.எஃப்.ஐ. குழாயில் சுமார் 3 பார் அழுத்தம் இருக்கும்வரை அது அடங்கியிருக்கும். பம்பில் உள்ள ஒருவழி வால்வு கசிந்தால் அழுத்தம் இறங்கிவிடும், பெட்ரோல் குமிழியாகும். இன்ஜெக்டர் பெட்ரோலுக்குப் பதில் ஆவியைத்தான் பீய்ச்சும். எங்கள் காரில் இன்னொன்றும் சேர்ந்திருந்தது. மாற்றியவர்கள் பம்பை டாங்கிக்கு வெளியே, எக்சோஸ் குழாய்க்குப் பக்கத்தில் பொருத்தியிருந்தார்கள். டாங்கிக்குள் மூழ்கியிருக்கும் பம்பைப் பெட்ரோலே குளிர வைக்கும். இதற்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

காற்றின் சூட்டை அளக்கும் சென்சாரைச் சுடும் உலோகத்தில் பொருத்தினாலும் இதே தொல்லை வரும். காற்று மிகவும் சூடாக இருப்பதாக நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துவிடும்.

வழியில் மாட்டிக்கொண்டால் உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்புங்கள். பம்பு ஓரிரு விநாடி முனகி நிற்கும். அணைத்துவிட்டு மூன்று நான்கு முறை இதையே செய்யுங்கள். அழுத்தம் ஏறும், டாங்கிக்குத் திரும்பும் குழாய் இருந்தால் ஆவியும் அதன் வழியே வெளியேறும். பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள், ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால் நிறுத்திவிட்டு, எங்காவது ஒழுகுகிறதா என்று முதலில் பாருங்கள். சுடும் இன்ஜின்மேல் தண்ணீர் ஊற்றுவதும், சூட்டோடு பெட்ரோல் குழாயைக் கழற்றுவதும் கூடவே கூடாது.

எங்கள் காரில் பம்பு டாங்கிக்குள் போனது. குழாய்களை எக்சோஸிலிருந்து தள்ளிக் கட்டி, சூடு தாங்கும் உறை போட்டோம். அண்ணன் இப்போது விற்கும் பேச்சை எடுப்பதில்லை.

உங்கள் வீட்டுக் காரை மாற்றக் கொடுத்திருந்தால், பட்டறையில் காலைக் குளிரில் ஸ்டார்ட் செய்து காட்டுவதை மட்டும் பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். நன்றாகச் சூடேற ஓட்டச் சொல்லி, 20 நிமிடம் நிறுத்தி, பிறகு கிளப்பிக் காட்டச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு மலையேறுங்கள். 1929இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்தின் சுங்கை பாலாஸ் சரிவைப் பார்த்தபடி ஒரு குவளை தேநீரை நிதானமாகக் குடித்து முடிக்கவும் ஏறக்குறைய 20 நிமிடம்தான் ஆகும். அந்த நேரத்தில் கார் நிறுத்தியிருக்கும் பக்கம் பார்வை போகாமல் இருந்தால், காசு கொடுத்துச் செய்த வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது என்று அர்த்தம்.